முள்ளங்கி என்றால் பின்னால்

தேசிய ரக்பி அணி எனக்குக் கொடுத்த பதினாறாம் எண் ஜெர்சியில் வெகுநாள் சேறே படவில்லை. முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஹூக்கராக இறங்குபவர் தொகிதா அண்ணன். அவருக்கு ஏதாவது ஆனால் இறங்க வேண்டியவன் நான். அவருக்கோ எருமை மாதிரி உடம்பு, ஒன்றும் ஆகாது. மற்ற அணிகளில் கடைசி இருபது நிமிடத்துக்காவது மாற்று ஆளை இறக்குவார்கள். எங்கள் பயிற்சியாளருக்கு அந்த தைரியம் கிடையாது. அந்த வருடம் பெரும்பாலும் நான் பெஞ்சைத்தான் தேய்த்தேன்.

மைதானத்தின் கோட்டைத் தாண்டி ஒரு நிமிடம் காலை வைத்தால் போதும், 'கேப்' என்கிற தொப்பி கிடைக்கும். நாட்டுக்காக ஆடியவன் என்று பெயர் ஏறிவிடும். வைக்காவிட்டால் ஒன்றுமில்லை. எங்கள் ஊர் அகிதாவிலிருந்து அம்மா போன் பண்ணுவாள். "டிவில உன்னைத் தேடித் தேடி கண்ணு வலிக்குது. நீ தண்ணி குடிக்கறப்ப ஒரு தடவை காட்டினாங்க. நல்லா குடிச்சே."

ஆட்டம் முடிந்ததும் ஆடியவர்கள் வெந்நீரில் போய் உட்காருவார்கள். இறங்காதவர்கள் மட்டும் உடம்பு கெடாமலிருக்க காலி மைதானத்தில் கோட்டுக்குக் கோடு ஓட வேண்டும். ரசிகர்கள் தின்ற சோற்றுருண்டையின் உறையைக்கூட விடாமல் பொறுக்கிக்கொண்டு போயிருப்பார்கள். கைதட்ட ஆளில்லை, திட்டவும் ஆளில்லை. அந்த ஓட்டத்தில் அனுபவித்த தனிமையை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை.

அந்த அணியில் என்னோடு மனம்விட்டுப் பேசியது தொகிதா அண்ணன் ஒருவர்தான். நாங்கள் ஒரே பள்ளிக்கூடம். அவர் எனக்கு இரண்டு வகுப்பு மேலே, நான் அவருடைய பூட்ஸைத் துடைத்தவன். வெளியூர் போனால் எங்களுக்கு ஒரே அறை. என் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றவரும் அவர்தான், என் பக்கத்துப் படுக்கையில் குறட்டை விட்டவரும் அவர்தான்.

அந்தப் பருவத்தில் அவருக்கு இரண்டு தடவை தலையில் அடிபட்டிருந்தது. இன்னொரு அடி விழுந்தால் ஆட்டத்தையே விட்டுவிட வேண்டும் என்று அணி டாக்டர் மிகாமி அம்மா சொல்லியிருந்தார். அடுத்த வருடம் உலகக்கோப்பை. அதை ஆடிவிட்டுத்தான் நிறுத்துவேன் என்று அண்ணன் அடம்பிடித்தார்.

ஜார்ஜியாவோடு மோதுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஜெர்சி வாங்கிக்கொண்டு அறைக்கு வந்து சங்கேத வார்த்தைகளைப் படித்தோம். பந்து பக்கக்கோட்டைத் தாண்டினால் அதை உள்ளே எறிவது ஹூக்கர் வேலை. வரிசையில் யாருக்கு எறிவது என்பதை எதிராளிக்குப் புரியாத வார்த்தையில் கத்துவார்கள். அந்தந்த வார வார்த்தைகளை அமைப்பதும் அண்ணன்தான்.

"போன வாரம் முள்ளங்கின்னா முன்னாடி நிக்கறவன். இந்த வாரம் பின்னாடி நிக்கறவன். அவனுங்க வீடியோ பார்த்துப் பார்த்து மண்டை காயட்டும்," என்று சிரித்தார். தன் வேலையில் தானே மயங்கும் ஆள்.

ஆட்டத்தின் பாதிக்கு மேல் ஒரு ஜார்ஜியாக்காரனின் முட்டி அவர் காதோரம் இடித்தது. விழுந்தவர் உடனே எழுந்து கைதட்டினார், இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் தோள் கொடுத்தார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அடுத்த எறிதலில் "முள்ளங்கி" என்று குரல் வந்தது. பின்னால் நின்றவன் எகிறினான். பந்து முன்னால் போனது, எதிராளி பிடித்துக்கொண்டான். "தூங்கறியாடா?" என்று கேப்டன் எகிறியவனைத் திட்டினார்.

போன வார முள்ளங்கிக்குத்தான் அண்ணன் எறிந்திருந்தார். தான் அமைத்த வார்த்தைக்கு அவர் தப்பாக எறிகிற ஆளே இல்லை.

மறுபடி பந்து வெளியே போனது. நான் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவர் வந்து நின்று பந்தைத் துடைத்தார்.

"டேய் கன்பரா, முள்ளங்கின்னா முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிண்ணே."

நூல் பிடித்தது போல எறிந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. சற்று நேரத்தில் மறுபடி வந்தார். அதே முகம், அதே குரல்.

"டேய் கன்பரா, முள்ளங்கின்னா முன்னாடியா, பின்னாடியா?"

"இப்பதானேண்ணே கேட்டீங்க."

"நான் எப்ப கேட்டேன்?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "எவன்கிட்டயும் மூச்சு விடாதே. உன்னைத்தான் நம்பறேன்."

பின்னாடி என்று அவரிடம் மறுபடி சொன்னேன். அவரும் சரியாக எறிந்தார். இப்படியே சொல்லிக்கொண்டிருந்தால் ஆட்டத்தை ஓட்டிவிடலாம். அவருக்கு உலகக்கோப்பை மிஞ்சும். தலை மிஞ்சுமா என்பதுதான் கேள்வி. டாக்டரிடம் சொல்லப் போனாலோ, அடுத்த நிமிடம் மைதானத்தில் இறங்குபவன் நான். வேறு யாராவது கவனித்திருக்கக் கூடாதா என்று சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்க வேண்டும் என்ற ஆசை அப்போது எனக்கு இல்லவே இல்லை என்றால் அது பச்சைப் பொய். ஆசையோடுதான் டாக்டரிடம் போனேன்.

"தொகிதாவுக்கு ஞாபகம் தப்புது. கேட்டதையே கேக்கறார்."

"நீங்களா சொல்றீங்க?" மிகாமி அம்மாவின் கண் என் ஜெர்சி எண்ணில் நின்றது.

"நான்தான் சொல்றேன்."

பக்கத்திலிருந்த பயிற்சியாளர் திரும்பக்கூட இல்லை. "அவசரம் தாங்கலையோ?" என்றார்.

அண்ணனை வெளியே கூப்பிட்டார்கள். கோட்டருகே என்னைக் கடக்கும்போது நின்றார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி மெதுவாக, "ரொம்ப நாளா காத்துக்கிட்டிருந்தே இல்ல? எடுத்துக்கோ," என்றார்.

இறங்கினேன். நன்றாகத்தான் ஆடினேன். ஒரு எறிதலும் பிசகவில்லை. ஜெயித்தோம், கூட்டத்துக்கு வரிசையாகத் தலை வணங்கினோம். என் தோளில் ஒருவன்கூடக் கை போடவில்லை.

முதல் தொப்பியை அதே இடத்தில் ஆடும் மூத்தவர்தான் புதியவன் தலையில் வைக்க வேண்டும். அது எங்கள் வழக்கம். உடைமாற்றும் அறையில் அண்ணன் கழுத்தில் பட்டையோடு ஆஸ்பத்திரி வண்டிக்காக உட்கார்ந்திருந்தார். கேப்டன் வேண்டாவெறுப்பாகத் தொப்பியை அவர் கையில் கொடுத்தார். அண்ணனுக்கு முகமெல்லாம் பல்.

"டேய், இறங்கிட்டியா! அம்மாவுக்குச் சொன்னியா? ஆமா, யாரு வெளியே போனது?"

நடந்ததில் ஒரு துளிகூட அவருக்கு நினைவில்லை. அத்தனை பேரில் எனக்காக சந்தோஷப்பட்டவர் அவர் ஒருவர்தான், அதுவும் தெரியாததால்.

"நீங்கதாண்ணே."

"சும்மா சொல்லாதே," என்று சிரித்தார். மற்றவர்களைப் பார்த்தார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவர் சிரிப்பு நின்றது. தொப்பியை என் தலையில் வைத்தவர் கையை எடுக்கவில்லை.

"வெளியே வரும்போது உன்கிட்ட ஏதாவது சொன்னேனாடா?"

"ஒண்ணும் சொல்லலைண்ணே. ஜெயிச்சுட்டு வான்னீங்க."