கீழேயிருந்து நீளும் கை

கூண்டுக்குள் அவர் கை நுழைந்ததும் பச்சோந்தி கறுத்தது. முதலில் விலாவோரம், பிறகு கழுத்து, பிறகு தலை. வாயைப் பிளந்து சீறப் பார்த்தது. தெம்பில்லாமல் பாதியிலேயே மூடிக்கொண்டது.

“உங்களப் பாத்தாலே மூஞ்சி கறுத்துப் போகுது. இதுகிட்ட நம்ம சொந்தக்காரங்க தோத்தாங்க,” என்றாள் மனைவி.

அவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் ஜட்ஜய்யா என்று கூப்பிடுவார்கள். மனைவிக்கு அது கேலியென்று தெரியும். அவர் மரியாதையென்றே வைத்துக்கொண்டிருந்தார். மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு பெட்டியோடு கிளம்பிய அன்று, “இந்த வீட்டுப் பொருள் ஒண்ணும் வெளிய போகாது,” என்று கூண்டை மறித்துக்கொண்டு நின்றார். பச்சோந்தி அவள் வளர்த்தது. அவள் தோளில் உட்கார்ந்து டிவி பார்க்கும். அதற்காகவாவது திரும்பி வருவாள் என்று உள்ளே ஒரு நப்பாசை. வெளியே சொல்லிக்கொண்டது குடும்ப மானம்.

அவள் வரவில்லை. அது தின்னவில்லை. இப்போது பகலிலேயே கண்ணை மூடிக்கொள்கிறது, கண்மேடு குழிந்துவிட்டது. அம்மா கெஞ்சியதில், மகள் இன்று சாயங்காலம் புருஷனோடு வந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். செத்ததைக் கையில் கொடுத்தால், அப்புறம் இந்தப் படியை எதற்கு மிதிப்பாள்?

“போன்ல அவகிட்ட கேட்டேன். மேலேருந்து கை வந்தா பருந்துன்னு பயப்படுமாம். கீழ விரிச்சு வச்சுக்கிட்டு, அதுவா ஏறுற வரைக்கும் இருக்கணுமாம்.”

“விரிச்சுன்னா? ஏந்துற மாதிரியா?”

“ஏந்துற மாதிரிதான்.”

“எங்க பரம்பரையில எவனும் கையேந்தினதில்ல.”

“அப்ப பரம்பரையவே கூண்டுல போட்டு அவகிட்ட குடுத்தனுப்புங்க,” என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டாள்.

வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, கூண்டின் முன் முழங்காலிட்டார். உள்ளங்கையை விரித்து, அதில் ஒரு சின்ன வெட்டுக்கிளியை வைத்து, கிளைக்குக் கீழே நீட்டினார். கொடுத்துப் பழகிய கை; இப்படி மல்லாந்து கிடப்பதைப் பார்க்க அவருக்கே கூசியது. தோள் கடுத்தது. முழங்கால் மரத்தது. அது ஒரு கண்ணைத் திறந்து பூச்சியைப் பார்த்தது. இன்னொரு கண் மெல்லத் திரும்பி அவர் மேல் நின்றது.

“சாப்பிடும்மா,” என்றார். மகளிடம்கூட அந்தக் குரலில் பேசியதில்லை. “உன் கால்ல விழணுமா? சாப்பிடும்மா.”

குறடு போன்ற முன்கால் ஒன்று காற்றில் தடவி, அவர் சுட்டுவிரலைப் பற்றியது.

அழைப்புமணி அடித்தது.

எழுந்தால் அது ஓடிவிடும். கத்தினாலும் ஓடிவிடும். மறுபடி அடித்தது. “வீட்ல யாரும் இல்ல போல,” என்று ஆண்குரல். “இருக்காரு. தொறக்க மாட்டாரு. வா, போலாம்,” என்றாள் மகள்.

“வாங்க மாப்ளே,” என்றார். அவனை இதுவரை அவர் எந்த முறை சொல்லியும் அழைத்ததில்லை. “உள்ள வாங்க. போயிடாதம்மா.” கூண்டைத் தாண்டாத குரல் அது.

வெளியே செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. விரலில் இன்னொரு காலும் ஏறியது, கறுப்பாகவே.