மைதானத்தில் குடியிருந்தவர்கள்

செப்டம்பர்ப் புயல் போர்ட் ஒதில் நகரத்துக் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனபோது, அசையாமல் நின்றது கால்பந்து மைதானத்தின் கான்கிரீட் காலரி ஒன்றுதான். வீடிழந்தவர்கள் அதன் அடியில் போய் ஒண்டினார்கள். தீவின் கால்பந்துச் சங்கத் தலைவி இக்னேஷியா லாரோந் தானே வந்து பூட்டைத் திறந்துவிட்டாள். நாலைந்து வாரம் என்று நினைத்தது ஏப்ரல் வரை நீண்டுவிட்டது.

இக்னேஷியா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. முந்தைய தலைவர் உலகக் கால்பந்து அமைப்பு கொடுத்த நிதியில் கடலோரம் மாடிவீடு கட்டிக்கொண்டபோது, தெருத்தெருவாகக் கத்தியவள் அவள்தான். மனுஷர்களுக்கு அப்புறம்தான் பந்து என்று சொல்லியே சங்கத் தேர்தலில் நின்று ஜெயித்தாள்.

ஜூனில் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம் ஒன்று போர்ட் ஒதிலில் நடப்பதாக இருந்தது. மைதானத்தைப் பார்வையிட உலக அமைப்பிலிருந்து சொலானோ என்ற பெண்மணி வந்தாள். கோல் வலையில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மூலைக்கொடி நடுகிற இடத்தில் கரியடுப்பு புகைந்தது. வெளியூர் அணி உடை மாற்றும் அறையில் பெர்த்தா தன் இரண்டு மகள்களோடும், நெஞ்சுச்சளிக்காரரான அப்பா யூஸ்டாஸோடும் குடியிருந்தாள். பெர்த்தாவும் இக்னேஷியாவும் ஒரே அணியில் பத்து வருஷம் ஆடியவர்கள்.

"வாங்க மேடம், செருப்பக் கழட்டிட்டு வாங்க. இது எங்க ஹாலு. அந்தக் குளிக்கிற எடம் பெட்ரூமு" என்றாள் பெர்த்தா.

சொலானோ சிரித்துவிட்டு நிஜமாகவே ஷூவைக் கழற்றினாள். கொடுத்த சுட்ட சீமைப்பலாவையும் கருவாட்டையும் மிச்சம் வைக்காமல் தின்றாள். வெளியே வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"மே கடைசிக்குள்ள எடம் காலியாகலேன்னா மேட்ச வேற நாட்டுக்கு மாத்திடுவாங்க இக்னேஷியா."

"புல்தரை போட நீங்க தர்ற காசுல இவங்களுக்குக் கூரை போட்டுக்கறேன். புல்லு அடுத்த வருஷம் மொளைக்கட்டும்."

"முடியாதுங்க. ஆட்டத்தைத் தவிர வேற எதுக்கும் அந்தக் காசத் தொடக் கூடாது. அப்படி ஒரு கட்டுப்பாடு வேணும்னு கேட்டவங்கள்ல நீங்களும் ஒருத்தர்."

அந்த மாடிவீட்டைப் பார்த்துத்தான் இக்னேஷியா அப்படிக் கேட்டிருந்தாள். ஆட்டம் கைவிட்டுப் போனால் டிக்கெட் வசூலும் போகும். அதை நம்பித்தான் பெண்பிள்ளைகளுக்கான போட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இதற்குள் விளையாட்டு அமைச்சர் அசீல் வானொலியில் முழங்கினார். புயலுக்கு அப்புறம் ஒரு தகரத்தைக்கூடக் கண்ணில் காட்டாத மனிதர். தேர்தல் வருகிறதல்லவா! "மைதானத்திலிருந்து ஒரு குடும்பத்தையும் வெளியேத்த விடமாட்டேன். மேட்ச் நடத்தக் கூடாதுன்னு சங்கத்துக்கு அரசாங்கம் உத்தரவு போட்டாச்சு!"

அந்த உத்தரவுதான் வினையாகிப் போனது. கால்பந்துச் சங்கத்துக்கு அரசாங்கம் உத்தரவு போட்டால் அந்த நாட்டையே உலக அமைப்பு விலக்கி வைக்கும். எந்த அணியும் வெளியே போய் ஆட முடியாது. இக்னேஷியா அமைச்சரிடம் ஓடினாள்.

"சார், உத்தரவ வாபஸ் வாங்குங்க. ஸ்கூல் ஹாலத் தொறந்து விடுங்க. நானே எல்லார்கிட்டயும் பேசிக் கூட்டிட்டுப் போறேன்."

"ஹாலுதானே? எடுத்துக்கம்மா. உத்தரவுல மட்டும் கை வைக்க முடியாது. எலெக்‌ஷன் முடியட்டும்."

பாதி கிடைத்ததே என்று வந்துவிட்டாள். ஜனங்கள் தாங்களாகவே இடம் மாறிவிட்டால் உத்தரவு வெறும் காகிதம்தானே என்று கணக்குப் போட்டாள். பெர்த்தாவிடம் போய் உட்கார்ந்தாள்.

"அந்த ஹாலு ஒழுகாதில்ல?"

"ஒழுகாதுடி. நான் தினமும் அங்கதானே கெடக்கேன்."

"அப்பாவுக்கு ஈரம் ஆகாது. நீ சொல்றேன்னுதான் கெளம்புறேன். மத்தவங்கள நான் பேசிச் சம்மதிக்க வெக்கறேன், விடு."

பெர்த்தாவின் பேச்சுக்குக் கட்டுப்பட்டு எல்லோரும் மூட்டை கட்டினார்கள். ஒரு சனிக்கிழமை காலை தலைச்சுமையும் தள்ளுவண்டியுமாகக் குன்றேறிப் போனார்கள். யூஸ்டாஸை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி வந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் புதுப் பூட்டு தொங்கியது.

"ஓட்டுப்பெட்டி வெக்கணும், யாரையும் உள்ள விடாதேன்னு மந்திரி ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு டீச்சர். நான் என்ன பண்ண?" என்று கையைப் பிசைந்தான் காவலாளி. இக்னேஷியா கூப்பிடக் கூப்பிட அமைச்சரின் போன் எடுப்பாரில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

பூட்டு திறக்கும் என்று இருட்டும்வரை காத்திருந்துவிட்டு, அன்றிரவு அங்கேயே சாலையோரம் தார்ப்பாய் கட்டித் தங்கினார்கள். விடிந்ததும் மைதானத்துக்கே திரும்பிவிடலாம் என்றாள் இக்னேஷியா. விடிந்தபோது சேதி முந்திக்கொண்டது. அமைச்சரின் உத்தரவைக் காரணம் காட்டி, உலக அமைப்பு நாட்டை விலக்கி வைத்துவிட்டது. இக்னேஷியாவை நீக்கிவிட்டு, சங்கத்தைப் பார்த்துக்கொள்ளத் தற்காலிகக் குழு ஒன்றையும் அதுவே போட்டிருந்தது. அதன் தலைவர் ஒரு வக்கீல், பழைய தலைவரின் மைத்துனர். அவர் மைதானத்துப் பூட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"ராத்திரி அவங்க ரோட்டுல படுத்தாங்க. கதவத் தொறங்க" என்றாள் இக்னேஷியா.

"காலியான எடத்த மறுபடி நெரப்ப எனக்கு அதிகாரமில்ல. நீங்கதானே காலி பண்ண வெச்சீங்க?"

சொலானோவைப் போனில் பிடித்தாள். சொலானோ அழுதாள். "மேல எல்லார்கிட்டயும் சொல்லிப் பாத்துட்டேன். சட்டப்படி சரியாத்தான் செஞ்சிருக்காங்க. அப்பீல் போடுங்க" என்றாள்.

இக்னேஷியா அப்பீல் போட்டாள். அது விசாரணைக்கு வர மாதங்கள் ஆகும் என்று பதில் வந்தது. பக்கத்துத் தீவில் போட்டிக்குப் போகத் தயாராயிருந்த பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் அணி கலைந்தது. யூஸ்டாஸை இக்னேஷியா தன் வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்தாள். பாதிக் கூரை இல்லாத வீடு, ஏற்கெனவே உறவுக்காரர்களால் நிறைந்து வழிந்தது. மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் கிழவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வராந்தாவில் போட்ட கட்டிலில் இறந்துபோனார்.

தேர்தலில் அசீல் ஜெயித்தார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து இக்னேஷியா ரொட்டி வாங்கிக்கொண்டு சாலையோரம் போனாள். பெர்த்தா ரொட்டியை வாங்கி மகள்களிடம் கொடுத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள் இக்னேஷியா.

"ஏதாவது சொல்லுடி. அடிக்கவாவது அடி."

"அடிச்சா அப்பா வந்துருவாரா?" பெர்த்தா தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கம்பால் தள்ளிவிட்டாள். "மறுபடி சங்கத்துல எலெக்‌ஷன் வந்தா நிப்பியா?"

"தெரியல. எந்த மூஞ்சிய வெச்சிட்டு நிக்க?"

"நீ நிக்கலேன்னா அந்த மாடிவீட்டுக்காரன் வருவான்."

"நின்னா நீ எனக்கு ஓட்டுப் போடுவியா?"

பெர்த்தா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு ஏதுடி ஓட்டு? அங்க கிளப்புக்காரங்கதானே போடுறாங்க. அவங்கள்ல எவனாவது இந்த ரோட்டுல வந்து பாத்தானா?"

தூறல் வலுத்தது. உள்ளே இன்னொரு ஆளுக்கு இடமில்லை. பெர்த்தா வா என்று கூப்பிடவுமில்லை, போ என்று சொல்லவுமில்லை. கொஞ்ச நேரம் நனைந்துகொண்டே நின்றுவிட்டு, இக்னேஷியா குன்றிலிருந்து இறங்கி நடந்தாள்.