எந்தப் பின் எந்த ராடுக்கு?

அண்ணன் எஞ்சினின் மூன்றாவது ராடைத் தூக்கி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். ராடின் சின்னத் தலைக்குள் பாதி தூரம் போன இரும்புப் பின் அங்கேயே நின்றுவிட்டது. கட்டைவிரலால் அழுத்தினார். நகரவில்லை.

"நல்லா பார்த்துக்கோ. அப்புறம் அண்ணன் அபாண்டமா பேசறான்னு சொல்லக் கூடாது."

அவள் பார்த்தாள். பட்டறையின் ஸ்டோர் ரூம் அவள் பொறுப்பு. பன்னிரண்டு வருடமாக பிஸ்டனையும் ராடையும் துடைத்து அடுக்கியவளுக்கு இது தெரியாதா? பிஸ்டனையும் ராடையும் சேர்த்துப் பிடிப்பது அந்தப் பின்தான். ராடின் தலையில் இருக்கும் புஷ் என்கிற வளையத்துக்குள் எண்ணெய் தடவித் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இறுகினால், எஞ்சின் சூடேறும்போது பிடித்துக்கொள்ளும். தொளதொளத்தால், தட்டும்.

ரொட்டி வேன் தட்டிக்கொண்டுதான் திரும்பி வந்தது, புது பிஸ்டன் போட்டுப் பதினெட்டே நாளில். திறந்து பார்த்தால் ஒரு பின் தொளதொளப்பு, இன்னொன்று கருகிப் பிடித்திருந்தது. வேன்காரர் முன்னாலேயே அண்ணன் சத்தம் போட்டார்: "புஷ்ஷைக் கடைஞ்ச கையைக் கேளுங்க!" அந்தக் கை அவள் கணவருடையது. அன்றிலிருந்து மச்சானும் மாப்பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரே கூரையின் கீழே இருந்துகொண்டு, எல்லாப் பேச்சையும் அவள் வழியாகவே அனுப்பிக்கொண்டார்கள்.

இப்போது அதே வேனுக்கு மறுபடி புது செட். மறுபடி அதே கோளாறு.

"நேத்து சாயந்திரம் எல்லாம் சரின்னு சொல்லி அனுப்பினான். இன்னிக்கு இப்படி நிக்குது. ஒரு தடவைன்னா தப்பு. ரெண்டாவது தடவைன்னா?" அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "நம்ம மாதிரியே எஞ்சின் வேலை பார்க்கற எதிர்க்கடைக்காரனோட டீ குடிக்கிறான் உன் வீட்டுக்காரன். தெரியுமா உனக்கு?"

"டீ குடிச்சா குத்தமா?"

"மூணு நாளா அந்தக் கடைக்காரனே டீக்குக் காசு குடுத்தான்மா. நம்ம தெருவுல யாரு யாருக்கு சும்மா டீ வாங்கித் தர்றா?"

அவளுக்குச் சுருக்கென்றது. கணவர் டீயைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை.

"சனிக்கிழமை வேன் போகணும்" என்றார் அண்ணன். "இந்தத் தடவையும் தட்டுச்சுன்னா, அவன் பாதை வேற, என் பாதை வேற. நீ எந்தப் பக்கம்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

பட்டறைக்கு மேல்மாடியில்தான் அவள் வீடு. கீழே அண்ணன், பின்கட்டு ஷெட்டில் கணவர். கணவர் வெளியே போனால் அவளும் போக வேண்டும். அண்ணனை விட்டு எப்படிப் போவது? போகாமல்தான் எப்படி இருப்பது?

டிரேயைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

தெருவில் அண்ணனுக்குப் பெயர் 'கிராம்', கணவருக்குப் பெயர் 'மைக்ரான்'. அண்ணன் எதையும் தராசில் போடாமல் நம்ப மாட்டார். கணவர் எதையும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்காமல் நம்ப மாட்டார். கல்யாணத்துக்கு வந்த மோதிரத்தை ஒருவர் எடை போட்டார், இன்னொருவர் விட்டம் பார்த்தார் என்று இன்னமும் கேலி பேசுவார்கள்.

கணவர் மூன்றாவது ராடைக் கையில் வாங்கினார். பின்னைத் தள்ளிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது நான் குடுத்த மாதிரி இல்ல."

"அப்படின்னா?"

"நான் குடுக்கும்போது ஒரு விரல்ல தள்ளினா போச்சு. நாலு ராடும் அப்படித்தான். யாரோ கை வச்சிருக்காங்க."

"யாரோன்னா யாருங்க? இந்தப் பட்டறைல இருக்கறதே மூணு பேரு."

"நீ இல்ல. நான் இல்ல. மிச்சம் யாருன்னு நீயே கணக்குப் போட்டுக்கோ." அவர் துணியில் கையைத் துடைத்தார். "உங்க அண்ணன் மேஜை டிராயர்ல புது ஹோனிங் மெஷின் கேட்லாக் இருக்கு. அது வந்துட்டா புஷ் வேலைக்கு நான் எதுக்கு? சும்மா போடான்னு சொன்னா ஊர் கேக்கும். வேலை தெரியாதவன்னு பேர் வாங்கிக் குடுத்து அனுப்பினா யாரும் கேக்க மாட்டாங்க."

அந்தக் கேட்லாக்கை அவளும் பார்த்திருந்தாள். விலைப் பட்டியலில் பேனாவால் வட்டம் போட்டிருந்தது.

அன்று மாலைக்குள் கணவர் இரண்டு ராடுகளுக்குப் புது புஷ் ஏற்றினார். நாலையும் புதிதாகக் கடைந்து, ஒவ்வொரு ராடிலும் ஒரு பின்னைச் செருகி, அவள் எதிரிலேயே விரலால் தள்ளிக் காட்டினார். நாலும் வெண்ணெயில் போகிற மாதிரி போயின.

"நீயே சாட்சி" என்றார்.

சாட்சியான அவள் டிரேயை ஸ்டோர் ரூமில் வைத்தாள். ஆனால் அதோடு விடவில்லை. மாடிக்குப் போய்த் தன் நெயில் பாலிஷை எடுத்து வந்தாள். பின் உள்ளே குழாய் மாதிரி ஓட்டையாக இருக்கும். முதல் ராடின் பின்னுக்குள் ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று, நான்காவதற்கு நான்கு. குனிந்து உள்ளே பார்த்தால் ஒழிய யாருக்கும் தெரியாது; பின் இடம் மாறினால் அவளுக்கு மட்டும் தெரிந்துவிடும். கட்டிய கணவனுக்கும் கூடப் பிறந்த அண்ணனுக்கும் பொறி வைக்கிறோமே என்று நினைத்ததில் கவனம் சிதறியது. நாலாவது பின்னில் பாலிஷ் திட்டாகவே விழுந்துவிட்டது.

ஸ்டோர் ரூமுக்கு மூன்று சாவி, ஆளுக்கு ஒன்று.

மறுநாள் காலை ஏழு மணிக்கே இறங்கிவந்து, கேஸ்கெட் தொங்கும் அலமாரிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கணவர் மாடியில் குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றால் அவர் வருவார். அவள் காது முழுக்கக் குழாயில்தான் இருந்தது.

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது.

அண்ணன்!

அவர் விளக்கைப் போட்டார். டிரேயை மேஜைக்கு இழுத்தார். முதல் ராடிலிருந்து பின்னை உருவினார். இரண்டாவதிலிருந்து உருவினார். நாலையும் உருவி, ஒவ்வொன்றாகத் தராசில் போட்டுப் பார்த்து வரிசையாக வைத்தார். பிறகு எதையோ யோசித்து, நாலாவதிலிருந்து எடுத்ததை முதல் ராடில் செருகப் பார்த்தார். கொஞ்சம் தட்ட வேண்டியிருந்தது.

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. கையும் களவுமாக!

"அண்ணா!"

அவர் துள்ளி விழுந்தார். கையிலிருந்த ராடு மேஜையில் டணாரென்று மோதியது. "ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? மாரடைப்பு வந்திருக்கும்!"

"அவரை அனுப்பணும்னா நேரா சொல்லியிருக்கலாமே. இப்படித் திருட்டுத்தனமா வந்து பின்னை மாத்தி, அவர் மேல பழி போடணுமா? அந்த மெஷினுக்காகவா?"

"என்ன உளர்றே? எந்த மெஷின்?"

"டிராயர்ல இருக்கே, வட்டம் போட்ட மெஷின்!"

அண்ணன் முகம் சிவந்தது. "அவன் எதிர்க்கடைக்குப் போய்ட்டா இங்க புஷ் வேலையை யாரு பார்க்கிறது? முன்னெச்சரிக்கையா கேட்லாக் மட்டும் வாங்கி வச்சேன். அதை விடு. நீ வந்ததும் நல்லதுதான். இங்க வா, ஒண்ணு காட்டறேன்." முதல் ராடில் ஏற்றிய பின்னைத் தட்டி எடுத்துத் தராசில் வைத்தார். "உன் வீட்டுக்காரன் வேலையைப் பாரு. முந்தாநாள் நாலு பின்னையும் எடை போட்டு எழுதி வச்சிருக்கேன். இந்தப் பின் இன்னிக்கு ஒரு பாயின்ட் எடை அதிகமா காட்டுது. இரும்பு தானா வளருமா? யாரோ இதுல கை வச்சிருக்காங்க!"

அவள் தராசைப் பார்த்தாள். பிறகு பின்னைத் தூக்கி உள்ளே பார்த்தாள். நாலு சிவப்புப் புள்ளி, அதில் ஒன்று திட்டு.

"அது நான்தான்" என்றாள்.

"நீயா?"

"நெயில் பாலிஷ். யார் மாத்தறாங்கன்னு பார்க்கத்தான் வச்சேன். நீங்க எதுக்கு அண்ணா மாத்தறீங்க?"

"மாத்தாம? இது வெளிக் கம்பெனி செட்டும்மா. பழைய எஞ்சினுக்கு ஒரிஜினல் வர்றதில்லன்னு இதை வாங்கினோம். பிஸ்டனுக்குப் பிஸ்டன் ஆறு கிராம் வித்தியாசம். ராடும் அப்படியே. நேத்து ரெண்டு புஷ் மாறியிருக்கு, எடை மறுபடி ஆட்டம் காணும். கனமான பிஸ்டனுக்கு லேசான பின், லேசான பிஸ்டனுக்குக் கனமான பின்னுன்னு மாத்திப் போட்டு நாலு செட்டையும் சமமாக்கணும். இல்லன்னா எஞ்சின் உதறும். இது கூட உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். ஆனால் இதுவரை அதைப் பின்கட்டில் கணவர் செய்யும் கடைசலோடு சேர்த்து அவள் யோசித்ததில்லை. மாடிப்படியடிக்குப் போய்க் குரல் கொடுத்தாள்.

"என்னங்க! துண்டோட இருந்தாலும் பரவால்ல, மைக்ரோமீட்டரை எடுத்துட்டு இறங்கி வாங்க!"

கணவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். மச்சானைக் கண்டதும் வாசலிலேயே நின்றார்.

"நாலு பின்னையும் அளந்து சத்தமா சொல்லுங்க" என்றாள் அவள்.

"எதுக்கு? எனக்கே தெரியும். நாலும் நாலு அளவு. பெருசுக்கும் சிறுசுக்கும் ஒன்பது மைக்ரான் வித்தியாசம். வெளிக் கம்பெனி சாமான் அப்படித்தான் வரும். அதனாலதானே ஒவ்வொரு புஷ்ஷையும் அதோட பின்னுக்குத் தனியா கடைஞ்சேன்!"

அண்ணன் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "தனித்தனியாவா?"

"பின்ன?"

"அதை எங்கிட்ட சொன்னியா மாப்ள?"

அந்தச் சண்டைக்குப் பிறகு முதன்முதலாக நேரடிப் பேச்சு. கணவர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. "ராடுக்குள்ளயே பின்னைச் செருகித்தானே குடுத்தேன்! அதுக்கு மேல என்ன, பத்திரிகை அடிச்சுக் குடுக்கணுமா?"

"பன்னெண்டு வருஷமா நீ செருகித்தான் குடுக்கறே. பன்னெண்டு வருஷமா நான் உருவி, மாத்தித்தான் போடறேன்!"

"மாத்துவீங்களா?" கணவரின் குரல் கீச்சென்றது. "பன்னெண்டு வருஷமாவா?"

"ஒரிஜினல் பின் நாலும் ஒரே அளவு. எதை எதுல போட்டா என்ன? ஒண்ணும் ஆகலையே!"

கணவர் பக்கத்திலிருந்த டிரம்மில் உட்கார்ந்துவிட்டார். முதல் ராடில் தட்டி ஏற்றியிருந்த அந்தப் பின்னை அண்ணன் மறுபடி கையில் எடுத்தார். விளிம்பில் மெல்லிய கீறல். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொட்டி வேன்காரர் முன்னால் தான் போட்ட சத்தம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், காது மடல் வரை சிவந்திருந்தது.

"அப்ப போன எஞ்சின்ல கருகினது நான் மாத்திப் போட்ட பின்" என்றார். "மாப்ள, வேன்காரர்கிட்ட நானே பேசறேன். தப்பு என் கைலதான்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டே, "பாதி. நானும் நம்பர் அடிச்சுக் குடுத்திருக்கணும்" என்றார்.

பிறகு அவளே வழி சொன்னாள். முதலில் அண்ணன் எடை பார்த்து நாலு செட்டையும் சேர்க்கட்டும். சேர்த்ததும் பிஸ்டன், பின், ராடு மூன்றிலும் ஒரே நம்பர் அடிக்கட்டும். அதற்குப் பிறகுதான் கணவர் கடைய வேண்டும். அதற்கப்புறம் யாரும் எதையும் உருவக் கூடாது.

"உருவினா?" என்றார் அண்ணன்.

"உருவின கைல பாலிஷ் வச்சு விட்டுருவேன்."

அண்ணன் சிரித்துவிட்டார். கணவர் மட்டும் சிரிக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"எதிர்க்கடைல ஒண்ணாம் தேதிலேந்து வர்றேன்னு சொல்லிட்டேன்."

அண்ணனின் சிரிப்பு அப்படியே நின்றது. "நான் சொன்னேன்ல!" என்று ஆரம்பித்தவர், தங்கையின் பார்வையைக் கண்டு மீதியை விழுங்கினார். "மாப்ள... போகணுமா?"

"வேலை தெரியாதவன்னு பட்டம் குடுத்தீங்க. வேற எங்க போறது?"

"அதான் தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன்ல. இன்னும் என்ன, கால்ல விழணுமா? இடுப்பு வலி, விழுந்தா எழுந்திரிக்க மாட்டேன். நீதான் தூக்கணும்."

கணவரின் உதடு லேசாகத் துடித்தது, சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. அவள் காத்திருக்கவில்லை. அவருடைய சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவர் கையிலேயே வைத்தாள்.

"வரலைன்னு இப்பவே சொல்லுங்க. எங்க ரெண்டு பேர் முன்னாலயும். ஸ்பீக்கர்ல."

எதிர்க்கடைக்காரர் இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். கணவர் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"சரி விடுங்க சார், குடும்பம்னா அப்படித்தான். ஆனா ஒரே ஒரு சந்தேகம், அதைக் கேக்கத்தான் உங்களைச் சுத்திச் சுத்தி வந்தேன். இங்க வெளிக் கம்பெனி செட் போட்ட எஞ்சின் மூணு திரும்பி வந்திருக்கு. பின்னெல்லாம் ஒண்ணு பிடிக்குது, ஒண்ணு தட்டுது. எங்க ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிறாங்க. என்னவா இருக்கும்?"

கணவர் வாயைத் திறந்தார். அண்ணன் இரண்டு கையையும் ஆட்டி, தலையை ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று உதட்டால் கெஞ்சினார்.

"நேர்ல வந்து பார்த்துட்டு சொல்றேன்" என்று கணவர் போனை வைத்தார்.

"நேர்லயா?" அண்ணன் கண்களைச் சுருக்கினார். "வரலைன்னு சொல்லியாச்சு. அப்புறம் எதுக்கு நேர்ல?"

"மூணு குடும்பம் எஞ்சினுக்காகக் காத்திருக்கு மச்சான்."

"எத்தனை மணிக்குப் போவே? எவ்வளவு நேரம் ஆகும்?"

அவள் தராசை அண்ணன் பக்கமும், நம்பர் அடிக்கும் இரும்பு அச்சைக் கணவர் பக்கமும் தள்ளினாள்.

"மூணு பேருமா போவோம்" என்றாள். "முதல்ல இந்த நாலையும் முடிங்க."