பின்னாலிருந்த அலமாரி

பொட்டலத்தைக் கேமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்ததும் அது மறைந்துபோனது. மடிக்கணினித் திரையில் அவளுடைய விரல்கள் மட்டும் தெரிந்தன. பழுப்பு உறை, சோதனைக்குப் பிறகு அவள் மறுபடி வைத்த அரக்கு முத்திரை எல்லாம் பின்னணியின் மங்கலில் கரைந்துவிட்டிருந்தன.

“என்னம்மா, பொட்டலம் காத்துல போயிடுச்சு? இதுவும் உங்க கெமிஸ்ட்ரியா?” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். நீதிமன்றத்தில் யாரோ சிரிப்பது சற்றுத் தாமதமாகக் கேட்டது.

அவள் வேலைபார்க்கும் தடயவியல் ஆய்வகத்திலிருந்தே வீடியோவில் சாட்சி சொல்லலாம் என்று ஆணை வந்தபோது, கூண்டில் ஏற வேண்டாம் என்று நிம்மதியாகத்தான் இருந்தது. பின்னணியை மங்கலாக்கச் சொன்னவர் பிரிவுத் தலைவர். “ரூம் குப்பையா கெடக்கு. கோர்ட்டுக்கு எதுக்கும்மா காட்டணும்?” அறையில் வேறு யாரும் இல்லையே என்று நீதிபதி கேட்டபோது அவர் வெளியேதான் இருந்தார். கேள்விகள் தொடங்கிய பிறகு சத்தமில்லாமல் உள்ளே வந்து, மடிக்கணினிக்குப் பின்னால், கேமராவுக்கு எட்டாத நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

“முத்திரை தெரியலையே. அந்த மங்கலை எடுத்துடுங்க,” என்றார் நீதிபதி.

எடுத்தாள். முத்திரை தெளிவாக வந்தது. அதோடு, அவள் தோளுக்குப் பின்னால் இரும்பு அலமாரியின் ஓரமும் அதில் அடுக்கிய பழுப்பு உறைகளும் வந்தன.

வக்கீலின் குரலில் இருந்த கேலி போய்விட்டது. “அது சாட்சிப்பொருள் வைக்கிற அலமாரியா?”

“ஆமா சார்.”

“இந்தப் பொட்டலமும் அதுலதான் இருந்துச்சா?”

“பிரிக்கிறதுக்கு முன்னாடி பதினோரு நாள் இருந்துச்சு சார்.”

“பூட்டித்தானே? உங்க அறிக்கையில அப்படித்தான் இருக்கு.”

படிவத்தில் அந்த வரி அச்சடித்தே வரும். கீழே இருப்பது அவள் கையெழுத்து. பூட்டு உடைந்து எட்டு மாதம். மாற்றித் தரச் சொல்லித் தலைவர் மூன்று முறை எழுதினார், பிறகு விட்டுவிட்டார். சிறையிலிருந்து இணைந்திருந்த சிறு சதுரத்தில், குற்றம்சாட்டப்பட்ட வாடகைக் கார் ஓட்டுநர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். தன்னிடம் எடுத்தது வேறு பொட்டலம் என்று முதல் நாளிலிருந்து சொல்லிவருபவர். போதைப்பொருள் வழக்கு; தண்டனை என்றால் பத்து வருடம். பிரித்த நிமிடத்திலிருந்து உள்ளே என்ன இருந்தது என்று அவளால் சத்தியம் செய்ய முடியும். அந்தப் பதினோரு நாளுக்கு?

“சார், அது வந்து...”

“யோசிக்க என்னம்மா இருக்கு? கேமராவை அலமாரிகிட்ட கொண்டுபோய்க் காட்டுங்க,” என்றார் நீதிபதி.

தலைவர் எழுந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாக, கேமராவில் படாத பக்கமாக அலமாரியை நோக்கி நடந்தார். கதவைச் சாத்தி, அந்த உடைந்த பூட்டைப் பூட்டியதுபோல் கொக்கியில் மாட்ட அரை நிமிடம் போதும். அவளைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார்: ஒரு நிமிஷம்னு சொல்லு.

சொல்லக் காரணமும் இருந்தது. சார்ஜர் வயர் மேசைக்குக் கீழே சிக்கிக் கிடந்தது. அதை எடுக்க வேண்டும். பொய்கூட இல்லை.

“கேக்குதாம்மா?”

“கேக்குது சார்.”

ஓட்டுநர் தலையை நிமிர்த்தினார்.

அவள் வயரைப் பிடுங்கினாள். திரை முன்னால் பார்த்திருக்க, மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து நான்கு அடி நடந்தாள். இப்போது யாருடைய முகமும் அவளுக்குத் தெரியவில்லை. நீதிமன்றத்தில் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. திரையின் நீல வெளிச்சம், அலமாரிக் கதவைப் பற்றியிருந்த தலைவரின் கையின் மேல் விழுந்துகொண்டிருந்தது.