கெட்டுப்போன ஒரு கட்டம்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மாமாவின் பட்டறையில் கம்ப்யூட்டர் புகைந்தது. பத்தரைக்கு எனக்கு போன் வந்தது.

"மாப்ள, நம்ம பெரியவர் கண்ணை மூடிட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு மாமா?"

"கம்ப்யூட்டர்தான்யா."

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "போன்ல இப்படியா சொல்லுவாங்க? அவன் எங்கயாவது லிஃப்ட்டு மேல நின்னுட்டிருப்பான், விழுந்து வைக்கப் போறான்."

நான் லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். பழைய கம்ப்யூட்டர் என்றால் பைத்தியம். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகாததற்கு அதுதான் காரணம் என்பது அக்காவின் கட்சி.

அக்கா வீட்டுக்காரரான மாமா காலணி செய்பவர். கடையில் கிடைக்காத காலணி. ஒரு கால் சின்னதாக, வளைந்ததாக, விரல் இல்லாததாக இருப்பவர்கள் அவரைத் தேடி வருவார்கள். முதலில் அந்தக் காலின் வடிவத்தில் ஒரு மரக்கட்டையைச் செதுக்க வேண்டும். அதுதான் அச்சு. அதன்மேல் தோலை இழுத்துத் தைத்தால் ஷூ. கட்டையைச் செதுக்குவது ஒரு மெஷின், அதற்கு உத்தரவு போடுவது கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்கு வயது முப்பது. ப்ரோக்ராம் எழுதிய கம்பெனியை இழுத்து மூடியே இருபது வருஷம் ஆகிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது பட்டறையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பஸ் டிரைவர் சீருடை. மடியில் அடி பிளந்த ஒரு ஷூ.

"தையல் போட்டுப் போட்டு ஓட்டிக்கிட்டிருந்தேன் தம்பி," என்றார். "போன வாரம் பிரேக்குல கால் வழுக்கிருச்சு. பக்கத்துலயே மேலதிகாரி. வண்டியை விட்டு இறக்கிட்டாங்க. திங்கக்கிழமை காலைல டெஸ்ட்டு. பெடலை ஒழுங்கா அமுக்கிக் காட்டலேன்னா, இனிமே டிக்கெட் கவுன்ட்டர்தான்."

"புதுசா அளவெடுத்துச் செதுக்க முடியாதா மாமா?"

"ஒன்பது வருஷத்துல பதினாலு திருத்தம் மாப்ள. இங்க ஒரு நூல் குறை, அங்க அரை நூல் ஏத்துன்னு. புதுசா ஆரம்பிச்சா ஆறு மாசம் ஆகும். இருந்த அச்சு மழைத்தண்ணி எறங்கிப் பிளந்துபோச்சு. இப்ப அவங்க கால் இருக்கிறது இதுல மட்டும்தான்."

பழைய காலத்துக் கம்ப்யூட்டர் தட்டுகளான பிளாப்பிகள் இரண்டை நீட்டினார். ஒன்றில் ப்ரோக்ராம், மற்றதில் வாடிக்கையாளர்களின் கால்கள்.

என் லேப்டாப்பில் எமுலேட்டரைத் திறந்தேன், பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற ப்ரோக்ராம். டிரைவரம்மா எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பொட்டியே போயிருச்சு. அதுல ஓடினது இதுல எப்படி ஓடும்?"

இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் நான் பிறந்ததிலிருந்து காத்திருக்கிறேன். "பஸ் ஓட்டப் பழகும்போது பொய் பஸ்ல உக்கார வச்சாங்களா?"

"ஆமா. சீட்டு, ஸ்டியரிங், முன்னாடி ஒரு திரை. இன்ஜினே கிடையாது."

"அதேதாங்க. இங்க ப்ரோக்ராம்தான் டிரைவர். அது காலை வைக்கிற இடத்துல பெடல் இருக்கணும், கையை நீட்டினா கியர் இருக்கணும். பழைய கம்ப்யூட்டர் என்னென்ன பதில் சொல்லுமோ அதையெல்லாம் எமுலேட்டர் அச்சு அசலாச் சொல்லும். பின்னாடி இன்ஜின் இல்லேன்னு ப்ரோக்ராமுக்குத் தெரியவே தெரியாது."

"ஏமாத்து வேலை," என்றார், சந்தோஷமாக.

கையோடு கொண்டுவந்த பிளாப்பி டிரைவில் கால்களை நகலெடுத்துவிட்டு, ப்ரோக்ராம் பிளாப்பியைச் செருகினேன். அதன் தட்டு முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், மொத்தம் இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது. ஒவ்வொன்றாகப் படித்துவந்ததில் ஒரே ஒரு கட்டம் கெட்டிருந்தது. வெறும் பூஜ்யம் போட்டு நிரப்பட்டுமா என்று நகலெடுக்கிற ப்ரோக்ராம் கேட்டது, நிரப்பு என்றேன். கறையைத் துடைத்த மாதிரி கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஓடவிட்டேன். நீலத் திரை வந்தது, கம்பெனியின் பெயர் வந்தது. மாமா என் முதுகில் அடித்த அடியில் கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. அடுத்து ஒரு வரி வந்தது: அசல் தட்டைச் செருகவும்.

அசல் தட்டிலிருந்து எடுத்ததுதானே? மறுபடி எடுத்தேன். நினைவகத்தைக் குறைத்துப் பார்த்தேன், வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். மூன்று மணி வரைக்கும் அதே வரி. டிரைவரம்மா ஷூவைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்திருக்கத் தயாராக இருந்தார்.

அக்கா டீ கொண்டுவந்தாள். மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் லேப்டாப் ரொம்ப சாது மாப்ள. வாயே திறக்க மாட்டேங்குது. பழசு திறக்கும்போது மூணு தடவை உறுமும். கர்ர், கர்ர், கர்ர். அப்புறந்தான் பட்டியல் வரும்."

"எப்பவாச்சுமா?"

"வாங்கின நாள்லருந்து தினமும். தொண்டையைக் கனைச்சுக்கிட்டு வேலைக்கு வர்றான்னு உங்க அக்கா சொல்லுவா."

டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

பிளாப்பி டிரைவ் எப்போது உறுமும்? ஒரு கட்டத்தைப் படிக்க முடியாதபோது. படிக்கிற முள் ஓரத்துக்குப் போய் மோதிவிட்டுத் திரும்பி வந்து மறுபடி முயற்சி செய்யும். மூன்று தரம் பார்த்துவிட்டு, முடியவில்லை என்று கைவிரிக்கும். தேய்ந்துபோன தட்டு என்றால் கண்ட இடத்தில் உறுமும். ஆனால் இது முதல் நாளிலிருந்து ஒரே இடத்தில் மூன்றே தரம் உறுமியிருக்கிறது.

"மாமா, அந்தக் கட்டம் தானா கெடலை. கம்பெனிக்காரனே கெடுத்து அனுப்பியிருக்கான்."

"எதுக்குய்யா?"

"திருட்டு நகலைக் கண்டுபிடிக்க. ப்ரோக்ராம் முதல்ல அந்தக் கட்டத்தைத்தான் கேட்கும். படிக்க முடியலேன்னா அசல், உள்ள விடும். படிச்சிட்டா நகல், வெளிய போன்னு சொல்லும். அந்த முத்திரையை நான் துடைச்சு விட்டுட்டேன்."

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "உன் வாழ்க்கையில ஒரே ஒரு தடவை ஒண்ணைச் சுத்தமா பண்ணினே. அதுவும் தப்பாப் போச்சு."

எமுலேட்டர் நல்ல கம்ப்யூட்டராக நடித்தால் போதாது, ஓட்டையையும் சேர்த்து நடிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தோடும் நல்லது, கெட்டது என்று குறித்துவைக்கிற இன்னொரு வகை நகல் உண்டு. அதில் எடுத்தேன். இந்தத் தடவை எதையும் நிரப்பவில்லை. டிரைவின் சத்தத்தையும் போட்டுக் காட்டும் வசதி எமுலேட்டரில் இருந்தது. அதையும் திறந்துவிட்டேன்.

ஸ்பீக்கரிலிருந்து வந்தது: கர்ர். மாமா ஸ்டூலை விட்டு எழுந்தார். கர்ர். அக்கா என் தோளைப் பிடித்தாள். கர்ர்.

திரை முழுக்கப் பெயர்கள்.

டிரைவரம்மாவின் பெயரைத் தட்டினோம். பச்சைக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரு வலதுகால் எழுந்தது. உள்பக்கம் திரும்பிய சின்னக் கால். அவர் விரலைத் திரைக்கருகே கொண்டுபோனார். "இந்தப் பள்ளம்... முதல் வருஷம் இங்கதான் கொப்புளம் வந்துச்சு."

மெஷினின் வயரை லேப்டாப்பில் மாட்டினேன். லேப்டாப்பும் எமுலேட்டரும் நடுவில் இருப்பது மெஷினுக்கும் தெரியாது. மாமா கட்டையைப் பூட்டினார். கத்தி சுழன்று மரத்தைத் தொட்டதும் சீவல் பறந்து அக்காவின் டீயில் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. நாற்பது நிமிஷத்தில் கட்டைக்குக் குதிகால் வந்தது, வளைவு வந்தது, பெருவிரல் வந்தது. மாமா இடுக்கிபோன்ற அளவுகோலை ஏழு இடங்களில் வைத்துப் பார்த்தார். ஏழும் சரி.

வெள்ளியும் சனியும் ஞாயிறும் மாமாவும் அக்காவும் தைத்தார்கள். திங்கள் காலை மூவரும் பஸ் பணிமனை மதிலோரம் நின்றோம். மேலதிகாரி டிரைவரம்மாவின் பக்கத்தில் ஏறிக்கொண்டார். தரையில் ஒரு வெள்ளைக் கோடு. பஸ் வேகமாக வந்து கோட்டில் நின்றது. இன்னொரு முறை என்றார். நின்றது. சரிவில் என்றார், தண்ணீர் ஊற்றிய தரையில் என்றார். கோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு விரல்கடைகூடப் போகவில்லை.

மேலதிகாரி காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். டிரைவரம்மா அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கதவை மூடினார்.

"எங்கம்மா போற? நான் இறங்க வேணாமா?"

"அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்கோங்க சார். எட்டே முக்கால் வண்டிக்கு ஜனங்க நிக்கிறாங்க."

பஸ் வாசலைத் தாண்டித் தெருவில் திரும்பியது.