மறைந்து வாழும் எழுத்தாளர்

"மறைஞ்சுட்டான்னா ஒளிஞ்சுக்கிட்டான்னு அர்த்தமாம்மா, செத்துட்டான்னு அர்த்தமா?"

ஏழு வயதில் மகள் இப்படிக் கேட்டபோது கொம்பக்கா சிரித்துவிட்டாள். கதையில் தளபதியின் மகன் குகைக்குள் மறைகிற இடம் அது. குழந்தைக்குக் கண்ணில் நீர் முட்டி நின்றது. "ஒளிஞ்சுக்கிட்டான்டி, அடுத்த பக்கத்துல வந்துடுவான்" என்று தலையைக் கோதிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். பெரியவர்கள் சிரித்துத் தள்ளிவிடுகிற கேள்விகளைக் கடவுள் எடுத்து வைத்துக்கொள்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சமயம் வரும்போது அவரே திருப்பிக் கேட்கிறார்.

சிறுவர்களுக்கான சாகச நாவல்களை மட்டும் வெளியிடும் ஒரு சிறிய பதிப்பகத்தில் அவள் மெய்ப்புத் திருத்துகிறாள். வாளும் கப்பலும் மந்திரக் கதவும் இல்லாத புத்தகம் அங்கே அச்சேறாது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறியிருந்தால் அரைத் தூக்கத்திலும் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். பதினாறு வருடத்தில் அவள் கையைத் தாண்டி ஒரு பிழை போனதில்லை.

அந்தப் பதிப்பகத்துக்குச் சோறு போட்டவர் கோட்டையார். அது புனைபெயர். கடலுக்கடியில் ஒரு கோட்டை, அதை மீட்கப் போகும் அக்காளும் தம்பியும், அவர்களுக்கு வழிகாட்டும் வாயாடி ஆமை என்று ஆறு பாகம் எழுதியிருந்தார். அவர் முகத்தை வாசகர் யாரும் பார்த்ததில்லை. விலாசம் முதலாளிக்கு மட்டும்தான் தெரியும். முதலாளியைத் தவிர யாராவது தொலைபேசியில் கூப்பிட்டால் அடுத்த பாகத்தை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார். அதனால் பின்னட்டையில் எப்போதும் 'மறைந்து வாழும் எழுத்தாளர்' என்றே போடுவார்கள். பிள்ளைகளுக்கு அதிலும் ஒரு மர்மம்.

ஏழாம் பாகம் அச்சுக்குப் போகிற அன்று பக்கம் அமைக்கும் லேஅவுட்காரர் பின்னட்டையை நீட்டினார்.

"அக்கா, ஒரு வரி வழியுது. ஒரு வார்த்தையை வெட்டுங்க. இல்லேன்னா நான் ஆமையோட வாலை வெட்டணும்."

"பாவம், அது என்ன பண்ணுச்சு. குடு இங்க."

பென்சிலை எடுத்தாள். 'மறைந்து வாழும்' என்பதை அடித்துவிட்டு மேலே 'மறைந்த' என்று எழுதினாள். கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஆமையின் வால் தப்பியது.

புத்தகம் கடைகளுக்குப் போன இரண்டாம் நாள் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார். வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தார்களாம். எட்டாம் பாகத்தை இனி யார் எழுதுவார் என்று கேட்டு ஒரு பையன் அழுகையை நிறுத்தவில்லையாம்.

"யாருக்கு மௌனம்?" என்றார் முதலாளி. பதிலைக் கேட்டதும் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, ஏதோ கடித்தது போல அதையே பார்த்தார். "நேத்து சாயங்காலம்தானே என்கிட்ட முன்னட்டைப் படம் மட்டம்னு திட்டினார்."

புத்தகத்தைத் திருப்பினார்கள். மூவாயிரம் பிரதியிலும் கோட்டையார் இறந்திருந்தார்.

கொம்பக்கா பின்னட்டையைத் தன் பக்கம் இழுத்தாள். தன் கையெழுத்தைத் தானே பார்ப்பது போல அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எவன் இதுல கை வச்சானோ அவன் இங்க இருக்க மாட்டான்" என்று முதலாளி அச்சகத்துக்குச் சண்டை போடப் புறப்பட்டார். லேஅவுட்காரர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். பிள்ளையைத் தனியாக வளர்க்கிற ஒருத்திக்கு வேலை போவது என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும். இருவரும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. உண்மையைச் சொல்லாமல் ஒரு ராத்திரி தூங்கிவிட்டால் இரண்டாவது ராத்திரி இன்னும் சுலபம் என்பதுதான் பொய்யின் ருசி.

டீச்சர் கூப்பிட்டதிலிருந்து ஆறாம் நாள் காலை எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் படியேறி வந்தார். துணிப்பையிலிருந்து ஏழாம் பாகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். முதலாளி அறையில் இல்லை.

"இதை எழுதினவன் என் தம்பி."

கொம்பக்கா கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள்.

"புனைபெயர் வச்சா எனக்குத் தெரியாதா? கதையில அந்த அக்காக்காரி திட்டுறதெல்லாம் நான் திட்டினது. என் வீட்டுக்காரர் சாகக் கிடந்தப்போ இவன் கதையை முடிச்சிட்டு வர்றேன்னான். முடிச்சிட்டு வந்தப்போ எல்லாம் முடிஞ்சுபோச்சு. இனி என் வாசலை மிதிக்காதேன்னேன். பத்தொம்பது வருஷம் மிதிக்கல, சொன்ன சொல்லைக் கேக்குற பிள்ளை." அம்மாள் மூச்சு வாங்கினார். "நாலு நாளைக்கு முன்னாடிதான் கடையில இதைப் பார்த்தேன். ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. கடைசியில அவன் பக்கத்துல யாரு இருந்தா?"

லேஅவுட்காரர் எழுந்து நின்றுவிட்டார். கொம்பக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க தம்பி நல்லா இருக்காரும்மா. எழுத்துல நான்தான் அவரைக் கொன்னுட்டேன்."

'மறைந்து வாழும்' எப்படி 'மறைந்த' ஆனது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மாள் பக்கத்திலிருந்த புத்தகக் கட்டின்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"உசுரோட இருக்கிறவனுக்கா நாலு நாள் அழுதேன்."

வாசலில் முதலாளி நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. அச்சகத்துக்காரரைப் போய் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வந்தவர் அல்லவா.

"நீங்களா? எல்லாரும் போனாலும் நீங்க இருப்பீங்கன்னு நினைச்சேனே, கொம்பக்கா. ஆறு நாளா ஊமை வேஷம் போட்டீங்களே. நாளையிலேருந்து வர வேண்டாம்."

"நில்லுய்யா" என்றார் அம்மாள். உட்கார்ந்தபடியே சொன்னார். "அழுதவ யாரு, நீயா?"

"அதுக்கில்லம்மா..."

"அழுதவ நான். அப்போ மன்னிக்கவேண்டியவளும் நான்தான். நீ யாரு நடுவுல? இந்தப் பொண்ணு என்கிட்ட முகத்துக்கு நேரா ஒத்துக்கிட்டா. எனக்குப் போதும். வேலையை விட்டு அனுப்பினேன்னு கேள்விப்பட்டேன், நாளைக்கும் வருவேன், நாளான்னிக்கும் வருவேன். உன் கதையில வர்ற ராட்சசியெல்லாம் எனக்கு முன்னாடி பச்சைக் குழந்தை."

"சரிம்மா, இருக்கட்டும்" என்றார் முதலாளி. பிறகு அச்சகத்துக்குத் தொலைபேசி செய்து மன்னிப்புக் கேட்கத் தன் அறைக்குள் போனார்.

அம்மாள் எழுந்து பையை மாட்டிக்கொண்டார். தம்பியின் விலாசத்தைக் கேட்கவில்லை. "மறைஞ்சிருக்கணும்னு நினைக்கிறான், இருந்துட்டுப் போகட்டும். உசுரோட இருக்கான்ல." படியில் இறங்குமுன் திரும்பினார். "நீ காலையில சாப்பிட்டியா? மூஞ்சி வாடிக் கெடக்கு. முதல்ல போய்ச் சாப்பிடு."

கொம்பக்கா சாப்பிடவில்லை. மதியம் எல்லாரும் சாப்பாட்டுக்கு வெளியே போனபின், முதலாளி அறையிலிருந்த ஒப்பந்தக் கோப்பைத் திறந்து கோட்டையாரின் தொலைபேசி எண்ணைப் பார்த்தாள். பிழைத்த வேலை இந்த ஒரு அழைப்பில் மறுபடி போகலாம். கோட்டையார் கோபித்துக்கொண்டு எட்டாம் பாகத்தோடு போய்விட்டால் பதிப்பகமே ஆட்டம் காணும். அவள் கண்ணை மூடி, கடவுளே, நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு எண்களைச் சுழற்றினாள்.

"யாரு?" என்றது ஒரு கரகரத்த குரல்.

தன் வேலையைச் சொன்னாள். தவறைச் சொன்னாள். மறுமுனையில் ஒரு வறட்டுச் சிரிப்பு கேட்டது.

"அதான் ஒரு வாரமா உடம்பு லேசா இருக்கு. விதியை மீறிக் கூப்பிட்டது இதைச் சொல்லவா?"

"இல்ல சார். உங்க அக்கா வந்திருந்தாங்க."

சிரிப்பு நின்றது. அவள் நிறுத்தவில்லை. பக்கத்தில் யார் இருந்தா என்று கேட்டதை, நாலு நாள் அழுததை, வேலையைக் காப்பாற்றிக் கொடுத்ததை, விலாசம் கேட்காமல் போனதை, அந்த அம்மாள் சொன்ன சொற்களிலேயே சொன்னாள். ஒரு கொம்பைக்கூட மாற்றவில்லை.



"மன்னிச்சாளா?" என்றார் கோட்டையார். "எங்கக்காவா?"

"ஆமா சார். என்னை. அரை நிமிஷத்துல."

"நான் போய்க் கேட்டா..." குரல் உடைந்தது. "நான் இதுவரைக்கும் போய்க் கேக்கவே இல்லையேம்மா."

ரிசீவரை ஏதோ மரப்பலகைமேல் வைத்த சத்தம் கேட்டது. நாற்காலி பின்னால் நகர்ந்தது. ஒரு அலமாரி திறந்து மூடியது. சாவிக்கொத்து கீழே விழுந்து எடுக்கப்பட்டது. கதவு சாத்தப்பட்டது. வயதான கால்கள் படிகளில் அவசரமாக இறங்கின. பிறகு ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கொம்பக்கா இணைப்பை மெதுவாகத் துண்டித்தாள். கோப்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.