அக்கரைப் பள்ளிக்கூடம்

நகரப் பேருந்து ஓட்டும் அந்தப் பெண்ணுக்கு அன்று காலையிலிருந்தே மனம் ஒரு நிலையில் இல்லை. சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போதெல்லாம் உதடு தானாக எதையோ முணுமுணுத்தது. முன் இருக்கையில் இருந்த பெரியவர் பார்த்துக்கொண்டே வந்தார். பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டார்.

"என்னம்மா, வண்டிகிட்டயா பேசிட்டு வர்றே?"

"ஆமாங்கய்யா. சாயங்காலம் நகர மன்றத்துல பேசணும். மைக்கு முன்னாடி நின்னு பழக்கமில்ல. அதான் முதல்ல வண்டிகிட்ட சொல்லிப் பாக்குறேன்."

"வண்டி என்ன சொல்லுது?"

"உறுமுது. அவங்களும் உறுமத்தான் போறாங்க!"

சிரித்துவிட்டு, பச்சை விளக்கு விழுந்ததும் வண்டியைக் கிளப்பினாள்.

அவளுக்கு ஒரே மகள். வீட்டில் குருவி என்று கூப்பிடுவார்கள். இரண்டாம் வகுப்பு. குருவிக்குக் காது மிகக் குறைவாகத்தான் கேட்கும். கருவி மாட்டினால் கதவு அறைவது கேட்கும், நாய் குரைப்பது கேட்கும். மனிதப் பேச்சு மட்டும் அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி, ஏதோ ஓடுகிறது என்று தெரியுமே தவிர என்னவென்று பிடிபடாது. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். வகுப்பில் ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால், அவ்வளவுதான், பாடம் அங்கேயே அறுந்துபோகும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு அரசுப் பள்ளி. அங்கே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு வகுப்பு இருந்தது. சைகை மொழியில் பாடம். கேட்கும் பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்து படித்தார்கள். அவள் ஓட்டும் பேருந்தின் தடம் அந்தப் பள்ளி வாசல் வழியாகத்தான். தினமும் அதைத் தாண்டும்போது அவளுக்குக் கால் பிரேக்கைத் தேடும்.

கல்வி அலுவலகத்தில் போய்க் கேட்டாள். "உங்க வீடு ஆத்துக்கு இந்தப் பக்கம். வீடு எந்தப் பக்கமோ பள்ளியும் அந்தப் பக்கம்தான்" என்று கையை விரித்துவிட்டார்கள். இப்போதுதான் அந்த விதியை மாற்ற ஒரு தீர்மானம் வந்திருந்தது. பிள்ளையை எந்த அரசுப் பள்ளியில் சேர்ப்பது என்று பெற்றவர்களே முடிவு செய்யலாம். கல்விக் குழு அன்று மாலை வாக்கெடுக்கும். அதற்கு முன் பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம்.

வெளியே உள்ள சண்டை இது. வீட்டுக்குள் வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

அவள் கணவனுக்குப் பேக்கரியில் வேலை. நல்ல மனிதன், மகள் என்றால் உயிர். ஆனால் அக்கரைப் பள்ளி என்றாலே முகம் சுருங்கிவிடும்.

"இக்கரைக்கு அக்கரை பச்சைதான். இப்பத்தான் நாலு வார்த்தை பேச ஆரம்பிச்சிருக்கா. கையை ஆட்டிக் காட்டிப் பழகிட்டா வாயைத் திறக்கவே மாட்டா. அப்புறம் ஊரு அவகிட்ட எப்படிப் பேசும்?"

"ஊரு கிடக்கட்டும். அவகூட விளையாட ஒரு பிள்ளை வருதா? சொல்லுங்க பாப்போம்."

"எனக்கும் அவ மேல உரிமை இருக்கு. நீ மட்டும் பெக்கல."

"நான் மட்டுந்தான் பெத்தேன்!" என்று அவள் சொல்ல, அந்தக் கோபத்துக்கு நடுவிலும், அவர்களோடு வசிக்கும் நாத்தனார் களுக்கென்று சிரித்துவிட்டாள். பேச்சு அதோடு நின்றது. தீரவில்லை.

மாலை பணி முடிந்ததும், உடுப்பைக்கூட மாற்றாமல் நகர மன்றத்துக்கு ஓடினாள். படிக்கட்டு வரைக்கும் கூட்டம். ஜன்னல் விளிம்பிலெல்லாம் ஆட்கள். நாத்தனார் முன்கூட்டியே வந்து டோக்கன் வாங்கி, முட்டி மோதி ஒரு நாற்காலியும் பிடித்து வைத்திருந்தாள்.

"அண்ணி, இங்க! ஒரு தடியன் இந்த நாற்காலிக்காக என்கூட மல்லுக்கட்டினான். கர்ப்பிணி வர்றாங்கன்னு சொல்லித் துரத்திட்டேன். கொஞ்சம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க."

"அடிப்பாவி!" என்றாள் இவள். ஆனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

மேடையில் குழுவின் ஒன்பது பேர். ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டார்கள். ஒருவர் பேசும்போது கைதட்டல், அடுத்தவர் பேசும்போது கூச்சல். தலைவர் மேசையைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார்.

அவளுக்கு முந்தைய எண், குருவி படிக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியருடையது. தினமும் காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் தலையைத் தடவி உள்ளே அனுப்புகிறவர். அவர் குரலை உயர்த்தவில்லை.

"போக முடிஞ்சவங்க போயிடுவாங்க. கொண்டுபோய் விட ஆள் இல்லாத பிள்ளைங்க மட்டும் என்கிட்ட மிஞ்சும். பிள்ளைங்க குறைஞ்சா ஆசிரியரைக் குறைப்பீங்க. ஆசிரியர் குறைஞ்சா இன்னும் நாலு பேரு கிளம்புவாங்க. பெத்தவங்க உரிமைங்கிறீங்க, சரி. போக வழியில்லாதவங்களும் பெத்தவங்கதானே? அவங்க உரிமைக்கு யார் பதில் சொல்றது?"

அவளுக்குப் பகீரென்றது. வண்டியில் நாள் முழுக்க ஒத்திகை பார்த்ததெல்லாம் அந்தப் பள்ளியைத் திட்டும் பேச்சு. இப்போது அவர் முகத்தைப் பார்த்த பிறகு ஒரு வார்த்தையும் நாக்கில் நிற்கவில்லை.

அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். நாத்தனார் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

மைக்கைப் பிடித்ததும் முதலில் வந்தது இருமல்தான். பிறகு குருவியைப் பற்றிச் சொன்னாள். உதட்டைப் பார்த்துப் பார்த்தே பிள்ளை மதியத்துக்குள் களைத்துப்போவதைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தால், ஏன் என்று தெரியாமலே தானும் சிரிப்பதைச் சொன்னாள். அங்கே நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி வாயைத் திறந்து, "தலைமை ஆசிரியர் சார் சொன்னதுக்கு ஒண்ணு சொல்லணும்..." என்று தொடங்கவும் மணி அடித்துவிட்டது.

"நேரம் முடிஞ்சதும்மா. அடுத்த எண்!"

"ஐயா, ஒரே ஒரு வார்த்தை..."

"எல்லாருக்கும் ஒரே விதிதான்."

அடுத்த எண்ணுக்கு உரியவர் பின்வரிசையிலிருந்து வந்தார். சட்டையில் மாவு, புருவத்திலும் மாவு. அவள் கணவன்!

இத்தனை பேர் நடுவில், பெற்ற தகப்பனே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவள் பேச்சு எடுபடுமா? நாத்தனார் எழுந்து நின்று, "அண்ணா, ஏதாவது ஏடாகூடமா பேசின, வீட்டுப் பக்கம் வந்துடாத!" என்று கத்தினாள். மன்றமே திரும்பிப் பார்த்தது.

அவன் மைக்கைப் பார்த்துப் பேசவில்லை. மனைவியைப் பார்த்தே பேசினான்.

"போன வாரம் இவளுக்குத் தெரியாம பிள்ளையைக் கூட்டிக்கிட்டு அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வேண்டாம்னு சொல்ல ஒரு காரணம் தேடித்தான் போனேன், மறைக்கல. அந்த வகுப்புல கொஞ்ச நேரம் உக்கார விட்டாங்க. என் பொண்ணுக்கு ஒரு சைகையும் தெரியாது. ஆனா வெளிய வர மாட்டேன்னு மேசைக் காலைப் பிடிச்சுக்கிட்டா. வர்ற வழியில வாயைத் திறந்து என்கிட்ட கேட்டா: 'அப்பா, இவங்கல்லாம் இத்தனை நாளா எங்க இருந்தாங்க?'"

அவன் புறங்கையால் புருவத்து மாவைத் துடைத்தான்.

"எனக்குப் பதில் தெரியலீங்க. மிச்ச நேரத்தை என் பொண்டாட்டிக்குக் குடுத்துடுறேன். அவ ஏதோ சொல்ல வந்தா."

தலைவர் பக்கத்தில் இருந்தவரோடு குசுகுசுத்தார். நேரத்தை அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடாது என்று விதி எதுவும் இல்லையாம். "பேசும்மா" என்றார்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வர, அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"சார் சொன்னது நியாயம். ஆனா, வாசலைச் சாத்தி வச்சுப் பிள்ளைங்களைப் பிடிச்சு வைக்கிறது பள்ளிக்கூடத்தைக் காப்பாத்துறதாகுமா? கொண்டுபோய் விட ஆள் இல்லைன்னா, பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளைங்களுக்கு பஸ்ஸை இலவசமா விடுங்க, நாங்க ஓட்டுறோம். அப்ப எல்லாருக்கும் வழி இருக்கும். ஒரு பள்ளிக்கூடத்தை விட்டுப் பிள்ளைங்க கிளம்பினா, உடனே ஆசிரியரைக் குறைக்காதீங்க. அங்க என்ன குறையுதுன்னு கேட்டு அதைக் குடுங்க. எங்க சாருக்கும் சைகை தெரிஞ்ச ஒரு டீச்சரைக் குடுத்திருந்தா, நான் ஏன் ஆத்தைத் தாண்டணும்?"

கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. தலைமை ஆசிரியரும் தட்டினார், மெதுவாக.

மருந்துக்கடைக்கார அம்மாள் ஒருவர் குழுவில் இருந்தார். அந்த இரண்டையும், இலவசப் பேருந்தையும் ஆசிரியரைக் குறைக்காமல் இருப்பதையும், தீர்மானத்தில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தார்கள். கை தூக்கச் சொன்னார்கள். ஆதரவாக நான்கு, எதிராக நான்கு.

மிச்சம் தலைவர். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார். நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

"இப்படி வெறுமனே வந்திருந்தா எதிர்த்திருப்பேன். இந்தத் திருத்தத்தோட..." என்று இழுத்து, தலைவர் கையைத் தூக்கினார்.

அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று அவளுக்கு நினைவில்லை. யாரோ கட்டிப்பிடித்தார்கள், அவளும் யாரையோ கட்டிப்பிடித்தாள். விட்டு விலகிப் பார்த்தால் முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரர்! கணவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவள் முதல் காரியமாக அவன் தோளில் ஒரு அடி வைத்தாள்.

"எனக்குத் தெரியாமயா கூட்டிட்டுப் போனீங்க?"

"சொன்னா நீதான் ஜெயிச்சேன்னு ஆடுவியே."

"ஆடத்தான் போறேன்!"

அவள் உடுப்பெல்லாம் மாவானது.

எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். அந்த ஆண்டு இக்கரைப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் பலர் கிளம்பினார்கள். தலைமை ஆசிரியர் கொஞ்சம் இளைத்துப்போனார். ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. தன் ஆசிரியைகள் இருவரைச் சனிக்கிழமைதோறும் அக்கரைக்குச் சைகை படிக்க அனுப்பினார். மூன்றாவது வாரம் தானும் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

குருவிக்கு அக்கரையில் இடம் கிடைத்தது. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, வகுப்பாசிரியை தாயை வாசலில் நிறுத்திவிட்டார்.

"உங்க பொண்ணு பாட நேரத்துல ஓயாம பேசுறா. கை ஒரு நிமிஷம் சும்மா இருக்கிறதில்ல. பக்கத்துப் பிள்ளையையும் கெடுக்குறா. கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

"கண்டிப்பா கண்டிக்கிறேன் டீச்சர்" என்றவள், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். முடியவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று வீட்டில் நாத்தனார் தெருவுக்கே இனிப்பு கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடமெல்லாம், "எங்க வாயாடி மேல புகார் வந்திருக்கு!" என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் கணவன், தட்டில் ரொட்டி வை என்று மகளிடம் சைகையில் சொல்லிப் பார்த்தான். குருவி திருதிருவென்று விழித்தாள்.

"அப்பா, தட்டுல எருமையை வைக்கச் சொல்றீங்க" என்றாள் வாயாலேயே. பிறகு அவன் விரல்களைப் பிடித்து, ஒவ்வொன்றாக மடக்கி, சரியான சைகையை வைத்துக் காட்டினாள்.